கண் மருந்த முயல் கண்ணுல ஊத்தாம டெஸ்ட் பண்ணா யாரு ஒத்துக்குவாங்க? சட்டம் மாறியும் ஏன் எல்லாரும் தயங்கறாங்க?

எல்லைக்காரி (வேலந்தாவளம்)
காலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடந்தத இன்னிக்கு எழுதிடறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க அக்கா பொண்ணு கோயமுத்தூர்ல எம்.ஃபார்ம் படிக்கிறா, கொழிஞ்சாம்பாறையில இருந்து தினமும் பஸ்ல போயிட்டு வர்றா. அவ ப்ராஜெக்ட் ஒரு கண் சொட்டு மருந்து, கண்ணுல விட்டதும் ஜெல் மாதிரி ஆகி ஓடிப் போகாம கொஞ்ச நேரம் நிக்கற வகை. மருந்து செஞ்சாச்சு, பிஹெச் பாத்தாச்சு, கெட்டித்தன்மை பாத்தாச்சு, இப்ப அது கண்ண எரிக்குமா எரிக்காதான்னு பாக்கணும். அதுக்கு வழக்கமா பண்றது ட்ரெய்ஸ் டெஸ்டு, 1944ல வந்தது. முயலோட ஒரு கண்ணுல மருந்த விட்டு இன்னொரு கண்ண சும்மா விட்டுட்டு, ஒரு மணி நேரம், ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள்னு பாத்து, செவப்புக்கு இத்தன, வீக்கத்துக்கு இத்தன, கார்னியா, அதாவது கண்ணோட முன்பக்கத் தெளிவான படலம், மங்கறதுக்கு இத்தனன்னு மார்க் போடறது. முயல் நம்ம மாதிரி அடிக்கடி கண்ண சிமிட்டாது, ஊத்துனது அப்படியே நிக்கும்.

அவ முயல் வேண்டாம், கசாப்புக்குப் போன மாட்டுக் கண்ணுல இருந்து கார்னியாவ எடுத்துப் பண்ற பிசிஓபி முறையில பண்றேன்னு எழுதிக் குடுத்தா. 2009லயே ஓஇசிடிங்கற பல நாட்டுக் கூட்டமைப்பு 437னு நம்பர் போட்டு ஒத்துக்கிட்ட முறை இது. கைடு நல்லவங்கதான், அவங்க சொன்னது என்னன்னா, முறை நல்லாத்தான் இருக்கு, ஆனா நாளைக்கு வைவாவுல வெளிய இருந்து வர்றவரு முயல் டேட்டா எங்கேம்பாரு, ஜர்னல்ல கேப்பாங்க, எதுக்கு வம்பு, மூணு முயல்லயும் பண்ணி வெச்சுக்கோ. பொண்ணு வீட்டுக்கு வந்து அழுதுட்டா.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்குதுன்னா, நான் 2008ல இருந்து நாலு வருசம் ஒரு ஊசி மருந்து கம்பெனி க்யூசில (மருந்தோட தரம் பாக்கற பிரிவு) இருந்தேன், பேரு வேண்டாம். அங்க பைரோஜன் டெஸ்டு என் வேல. பைரோஜன்னா ஒடம்புக்குள்ள போனா காய்ச்சல் வரவைக்கிற அழுக்கு, முக்கியமா செத்த பாக்டீரியாவோட தோல்ல இருந்து வர்ற எண்டோடாக்சின். மருந்த ஸ்டெரைல் பண்ணாலும் அது போகாது. அது இருக்கா இல்லையான்னு பாக்க மூணு முயல எடுத்து கழுத்து மட்டும் வெளிய தெரியற பெட்டியில உக்கார வெச்சு, பின்னாடி வழியா டெம்பரேச்சர் ப்ரோப சொருகி, காது ஓரத்து நரம்புல மருந்த ஏத்தி மூணு மணி நேரம் சூடு ஏறுதான்னு பாக்கணும். மூணுக்கும் சேத்து ஏறுன சூடு 1.4 டிகிரிக்குள்ள இருக்கணும், எந்த ஒண்ணுக்கும் 0.6 தொடக்கூடாது. பாஸ் ஆன முயல மூணு நாள் கழிச்சு மறுபடி எடுக்கலாம். எடுத்தோம். திரும்பத் திரும்ப எடுத்தோம். காது நரம்பு கெட்டியாகி கயிறு மாதிரி ஆயிரும், ஊசி எறங்காது, வெரல்ல நீவி நீவித்தான் ஏத்தணும். வெளிய லாரிக்காரன் ஏர் ஹாரன் அடிச்சா போதும், பயத்துலயே சூடு ஏறிரும், அன்னைக்கு டெஸ்டே வீணு. அப்ப நான் யோசிச்சது இதுதான்: ஹாரன் சத்தத்துக்கு மாறற ஒரு நம்பர வெச்சா நாம ஒரு பேட்ச் மருந்த நல்லது கெட்டதுன்னு சொல்றோம்?

இப்ப கோயமுத்தூர்ல வேற லேப்ல இருக்கேன், அதே டெஸ்டு கண்ணாடி ட்யூபுல பண்றேன். மருந்தையும், எண்டோடாக்சின் பட்டா கெட்டியாகற எல்ஏஎல்ங்கற ரீஏஜென்டையும் கலந்து 37 டிகிரில ஒரு மணி நேரம் வெச்சு ட்யூபத் தலைகீழாக் கவுக்கணும். கெட்டியா நின்னா எண்டோடாக்சின் இருக்கு, வழிஞ்சா இல்ல. முயல விட இது நுணுக்கம். ஐபிங்கற நம்ம நாட்டு மருந்துத் தர நூலோட 2018 பதிப்புலயே முயல் டெஸ்டுக்குப் பதிலா இந்த டெஸ்டும் மனுச ரத்த அணுவுல பண்ற மோனோசைட் டெஸ்டும் வந்தாச்சு.

2023 மார்ச்ல நம்ம நாட்டுப் புது மருந்து, கிளினிக்கல் ட்ரையல் விதிகள்ல திருத்தம் வந்துச்சு. மனுசனுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பண்ற டெஸ்டுன்னா என்னங்கற விளக்கத்துல செல் டெஸ்டு, ஆர்கன் சிப் (மனுச உறுப்போட செல்ல வளத்து வெச்ச சின்ன சிப்), கம்ப்யூட்டர் மாடல், மனுச உயிரியல அடிப்படையா வெச்ச மத்த முறைகள் எல்லாத்தையும் சேத்துட்டாங்க, மிருக டெஸ்டும் அதுல ஒண்ணு. ஆனா காலேஜ்லயும் கம்பெனிலயும் ஒருத்தரும் முதல் ஆளா போக மாட்டேங்கறாங்க. சட்டம் கதவத் தெறந்தாச்சு, உள்ள உக்காந்து கையெழுத்துப் போடறவங்களுக்குத் தைரியம் குடுக்க எழுத்துல ஒண்ணும் இல்ல, அதுதான் என் ஆதங்கம். உங்க அனுபவம் சொல்லுங்க.


கஞ்சிக்கோடு காத்து
காலை 7:02

அக்கா 2023ல இந்தியாவுல மிருகத்துல மருந்து டெஸ்ட் பண்றதயே தட பண்ணிட்டாங்கன்னு வாட்ஸப்ல வந்துச்சே? அமெரிக்காவுலயும் நிறுத்திட்டாங்கன்னு போட்டிருந்தாங்க. அப்பறம் எதுக்கு இன்னும் முயல் கேக்கறாங்க?


ஃபைல்மேசை (இப்ப ஹைதராபாத், சொந்த ஊர் நம்ம பாலக்காட்டுச் சித்தூர்)
காலை 8:25

தம்பி, தட இல்ல. ரெண்டு விசயம் சேந்து கொழம்பிருச்சு. அழகு சாதனத்துக்குத்தான் தட, 2014ல வந்தது, சோப்பு, கிரீம், லிப்ஸ்டிக் மாதிரி எதையும் இந்தியாவுல மிருகத்துல டெஸ்ட் பண்ணக்கூடாது, அப்படி டெஸ்ட் பண்ணத எறக்குமதியும் பண்ணக்கூடாது. மருந்துக்கு 2023ல வந்தது அனுமதி. வேற வழியிலயும் நிரூபிக்கலாம்னு மட்டும்தான் இருக்கு, மிருகம் கூடாதுன்னு எங்கயும் இல்ல.

அமெரிக்காவுலயும் அதே கததான். 1938 சட்டத்துல இருந்த மிருக டெஸ்டு கட்டாயத்த 2022 டிசம்பர் கடைசில எஃப்டிஏ மாடர்னைசேசன் ஆக்ட் 2.0ன்னு ஒண்ணு போட்டு எடுத்தாங்க. அப்பறம் 2025 ஏப்ரல்ல அங்க மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏவே ஒரு வழித்திட்டம் வெளியிட்டுச்சு, மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகள்ல ஆரம்பிச்சு மூணுல இருந்து அஞ்சு வருசத்துல மிருக டெஸ்ட விதிவிலக்கா ஆக்கணும்னு. கட்டாயம் போனதுக்கும் ஆளுங்க விட்டதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்கு, நான் தினமும் அந்த தூரத்துலதான் வேல பாக்கறேன். ஆபீஸ் போயிட்டு ராத்திரி வந்து எழுதறேன்.


சித்தூர்_அப்பா
காலை 9:40

நான் மருந்துக்காரன் இல்ல, மருந்து வாங்கறவன். என் பையனுக்கு 9 வயசு, வலிப்பு, தினம் ரெண்டு வேள சிரப் குடுக்கறேன், நடுநடுவுல லிவர் டெஸ்டு எடுக்கறோம். முயல் பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா ஒரு சிப்புலயும் ட்யூபுலயும் பாத்துட்டு நேரா குழந்தைக்கு ஊத்தறதா? முழு ஒடம்புல ஒரு மருந்து போய் என்ன பண்ணும்னு ஒரு உயிர் இல்லாம எப்படித் தெரியும்? கர்ப்பத்துல சாப்பிட்டு குழந்தைங்க கை கால் ஊனமாப் பொறந்துச்சே, அந்தத் தாலிடோமைட் மாதிரி இன்னொண்ணு வந்தா யாரு பதில் சொல்றது? என் புள்ளைய விட எனக்கு முயல் பெருசில்ல, தப்பா நெனைச்சாலும் பரவாயில்ல.


எல்லைக்காரி
காலை 10:55

அண்ணா, தப்பாவே நெனைக்கல. உங்க பையன் மாதிரி குழந்தைங்களுக்குப் போற மருந்துன்னுதான் நானும் ஒவ்வொரு ட்யூபயும் ரெண்டு தடவ பாக்கறேன்.

தாலிடோமைட் 1957ல கடைக்கு வந்தப்ப கர்ப்பமான மிருகத்துல ஒழுங்காப் பாக்காமலேயே வித்தாங்க, அது உண்ம. அப்பறம் பாத்தப்ப எலி, சுண்டெலிக்குப் பெருசா ஒண்ணும் ஆகல, சில ரக முயல்லயும் குரங்குலயும்தான் குட்டிக்குக் கை கால் ஊனம் வந்துச்சு. அப்ப எந்த மிருகத்த நம்பறது? அதனாலதான் ரெண்டு இனத்துல பாருங்கற பழக்கம் வந்துச்சு, ஆனா ரெண்டு இனமும் சேந்து தப்பு பண்ணுன சம்பவமும் இருக்கே.

2006 மார்ச்ல லண்டன்ல டிஜிஎன்1412னு ஒரு மருந்து. குரங்குக்குக் குடுத்து ஒண்ணும் ஆகாத அளவுல 500ல ஒரு பங்குதான் ஆறு பேருக்குக் குடுத்தாங்க. ஒன்றர மணி நேரத்துல ஆறு பேருக்கும் ஒடம்பு கொதிச்சு ஒவ்வொரு உறுப்பா நின்னு ஐசியுவுக்குப் போனாங்க. உயிர் பொழைச்சது பெரிய விசயம். பின்னாடி தேடிப் பாத்தா அந்த மருந்து போய் ஒட்டற சிடி28ங்கற புரதம் மனுசனோட ஒரு வகை நினைவு டி செல்லுல இருக்கு, அந்தக் குரங்கோட அதே செல்லுல இல்ல. இத மனுச ரத்த அணுவுல சரியான முறையில பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும், இப்ப அந்த மாதிரி மருந்துக்கு அப்படித்தான் பாக்கறாங்க.

லிவர்னு சொன்னீங்க. 1993ல ஃபியாலுரிடின்னு மஞ்சக்காமால பி-க்கு ஒரு மருந்து, எலி, நாய், குரங்குன்னு எல்லாத்துலயும் தேறி வந்தது. 15 பேருக்குக் குடுத்ததுல 5 பேர் செத்துட்டாங்க, ரெண்டு பேருக்கு லிவர் மாத்தி வெக்க வேண்டி வந்துச்சு.

நான் சிப் எல்லாத்தயும் பாத்துரும்னு சொல்ல வரல. மூளைக்குப் போற மருந்து, கர்ப்பம், வருசக்கணக்கா சாப்பிட்டா என்ன ஆகும்ங்கறது இதுக்கெல்லாம் இன்னிக்குத் தேதிக்கு முழுசா மாத்து இல்ல. உங்க பையன் சாப்பிடற மாதிரி மருந்துல மிருகம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும், அதுக்கு நான் சண்ட போட மாட்டேன். ஆனா மனுச செல்லுல பாக்கறது உங்க பையனுக்கு எதிரானது இல்லண்ணா, அவனுக்குக் கூடுதல் காவல். காய்ச்சல் வருமான்னு பாக்க முயலு, கண்ணு எரியுமான்னு பாக்க முயலு, இதெல்லாம் இனி தேவையே இல்ல.


மருந்தியல் வாத்தியார்
மதியம் 1:15

நான் ஒரு காலேஜ்ல மிருக நெறிமுறைக் குழுவுல உறுப்பினரா இருக்கேன், எந்தக் காலேஜ்னு சொல்லல. அம்மிணி சொன்ன கைடு மாதிரி ஆள நான் தினமும் பாக்கறேன், நானே பல வருசம் அப்படித்தான் இருந்தேன்.

மிருகத்துல ஆராய்ச்சி பண்ண 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ வர்ற கமிட்டியோட விதிப்படி படிவம் பி நெரப்பிக் குடுக்கணும். அந்தப் படிவத்துலயே மிருகம் ஏன் அவசியம்னு எழுதற எடம் இருக்கு. பத்துல எட்டு படிவத்துல போன வருசம் சீனியர் எழுதுன அதே ரெண்டு வரி இருக்கும், பேரும் மருந்தும் மட்டும் மாறியிருக்கும். நாங்களும் எண்ணிக்கைய ஆறுல இருந்து நாலாக் கொறைச்சுட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவோம். ரஸ்ஸல், பர்ச் ரெண்டு பேரும் 1959லயே சொன்ன மூணு விசயத்துல மாத்து வழிதான் முதல்ல வரும், எண்ணிக்கையக் கொறைக்கறது ரெண்டாவது, வலியக் கொறைக்கறது மூணாவது. நாங்க ரெண்டாவதுல இருந்தே ஆரம்பிச்சோம். இத வருத்தத்தோடதான் சொல்றேன்.

மாறாதுன்னு நெனைக்காதீங்க. நான் படிக்கறப்ப பி.ஃபார்ம்ல தவள அறுப்போம், கருப்புப் பொக புடிச்ச காகிதத்த ட்ரம்முல சுத்தி அதுல முள்ளு கோடு போடும், விடியக்காலம் அந்தக் காகிதத்துக்குப் பொக புடிக்க வைக்கறதே ஒரு வேல. இப்ப பார்மசி கவுன்சில் பாடத்திட்டத்துலயே அந்த ப்ராக்டிகல் எல்லாம் சாப்ட்வேர்லயும் வீடியோவுலயும்தான். புதுச்சேரி ஜிப்மர்ல இதுக்காகவே எக்ஸ்-ஃபார்ம்னு ஒரு சாப்ட்வேர் செஞ்சாங்க. ஆரம்பத்துல நாங்க எல்லாரும் எதுத்தோம், பசங்க கை பழகாது மருந்தியலே செத்துரும்னு. ஒண்ணும் ஆகல. விதி எழுத்துல வந்தது, அடுத்த வருசமே மாறிட்டோம். அதனால எல்லைக்காரி சொல்ற எழுத்துல வேணும்ங்கறது நூத்துக்கு நூறு சரி.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்துல செஞ்ச இதய வால்வு செம்மறி ஆட்டுல வெச்சுப் பாத்துட்டுத்தான் 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்கு வெச்சாங்க. துடிக்கற நெஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய பொருளுக்கு அன்னைக்கு வேற வழி இல்ல. அதே மருத்துவக் கருவிகளுக்கு இன்னிக்குத் தோல் எரிச்சல் பாக்கணும்னா 2021ல வந்த ஐஎஸ்ஓ 10993-23ங்கற சர்வதேசத் தர விதி, லேப்ல வளத்த மனுசத் தோல்ல முதல்ல பாரு, முயல் அப்பறம்னு வரிசையே போட்டுக் குடுத்திருச்சு. வரிச எழுத்துல இருந்தா நாங்க அதப் புடிச்சுட்டு நடந்துருவோம்.


பனந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)
மதியம் 2:30

நான் தென்ன, மாடு வெச்சுப் பொழைக்கறவனுங்க, இதெல்லாம் படிச்சு புரிஞ்சுக்க ரெண்டு தடவ ஆச்சு. எனக்கு ஒரு கேள்வி. எங்க அப்பாவுக்கு நாய் கடிச்சப்ப தொப்புளச் சுத்தி 14 ஊசி போட்டாங்க, இப்ப கையில நாலு அஞ்சோட முடிஞ்சுருது. போன வருசம் தோப்புல வேல பாக்கற பையனுக்கு கண்ணாடி விரியன் கடிச்சு பாலக்காட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம், பொழைச்சுட்டான். இந்த நாய்க்கடி ஊசியும் பாம்புக்கடி மருந்தும் எலிய வெச்சுத்தானே டெஸ்டு பண்றாங்கன்னு டாக்டரு ஒருத்தரு சொன்னாரு. அதயும் நிறுத்திட்டா எங்களுக்கு மருந்து வேல செய்யுதான்னு எப்படிங்க தெரியும்?


எல்லைக்காரி
மதியம் 3:05

நல்ல கேள்விங்க மாமா. அந்த 14 ஊசி ஆட்டு மூளையில செஞ்ச பழைய மருந்து, 2000த்துக்கு அப்பறம்தான் நம்ம நாட்டுல அது நின்னுச்சு. இப்ப போடறது செல்லுல வளத்தது.

ஆனா அந்தப் புது ஊசியோட வீரியத்த இன்னும் எலியிலதான் பாக்கறது வழக்கம். எலிக்கு ரெண்டு தடவ ஊசி போட்டு, 14வது நாள் வெறிநாய் வைரச நேரா மூளைக்குள்ள ஏத்தி எத்தன பொழைக்குது எத்தன சாவுதுன்னு எண்ணணும். ஒரு டோசுக்குக் கொறைஞ்சது 2.5 யூனிட் வேணும். இதுல கொடுமை ஒரு பக்கம், நம்பர் நிக்காம ஆடறது இன்னொரு பக்கம், ஒரே பேட்ச ரெண்டு தடவ பாத்தா ரெண்டு நம்பர் வரும். ஊசியில இருக்கற கிளைக்கோபுரோட்டீன (வைரசோட மேல்தோல் புரதம்) எலி இல்லாத எலைசாங்கற லேப் டெஸ்டுல அளந்தா போதுமான்னு வருசக்கணக்கா செரிபாத்துட்டு வர்றாங்க.

பாம்புக்கடி மருந்தும் எலியிலதான். நம்ம நாட்டு மருந்து 1 மில்லி நாகப்பாம்பு வெசம் 0.6 மில்லிகிராம், கண்ணாடி விரியன் 0.6, கட்டுவிரியன் 0.45, சுருட்டை விரியன் 0.45 முறிக்கணும்னு கணக்கு. அத எலி செத்துச்சா பொழைச்சுச்சான்னு பாத்துத்தான் சொல்றாங்க. இதுக்கு முழு மாத்து இன்னும் வரல, அதனால நாளைக்கே நிறுத்துன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன், உங்க தோப்புப் பையன் உயிர் பெருசு. அதுக்குன்னு கண் மருந்துக்கும் முயல்னு நிக்கறது என்ன நியாயம்?


இரவு ட்யூட்டி
மாலை 4:48

நர்ஸ் நான். ஐசியுவுல ட்ரிப் போட்டு அரை மணி நேரத்துல ஒரு பேசன்டுக்குக் குளிர் நடுக்கம் வந்தா நாங்க முதல்ல பாக்கறது அந்த பாட்டில் பேட்ச் நம்பரத்தான். அந்த ட்யூபக் கவுத்துப் பாக்கறவங்க யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன், நன்றிங்க அக்கா.


ஃபைல்மேசை
இரவு 9:50

வந்துட்டேன். என் வேல, கம்பெனி பண்ணுன டெஸ்டையெல்லாம் கட்டாக் கட்டி சிடிஎஸ்சிஓவுக்கும் (நம்ம மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் அனுப்பறது, அவங்க கேக்கற க்வெரிக்குப் பதில் எழுதறது. அதனால ஒத்துக்கறது எப்படி நடக்குதுன்னு உள்ள இருந்து சொல்றேன்.

ஒரு ரிவ்யூவர் முன்னாடி ஒரு ஃபைல் வருது. எலி டேட்டான்னா அவருக்கு ஒப்பிட்டுப் பாக்க அம்பது வருச பழைய ஃபைல் இருக்கு, எந்த நம்பர் கெட்டது எந்த நம்பர் சும்மான்னு கண்ணு பழகியிருக்கு. சிப் டேட்டான்னா பழக்கம் இல்ல. அவரு கேக்கறது மூணே கேள்வி. இந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுது, எதுக்குச் சொல்லாது? வேற ரெண்டு லேப்ல பண்ணாலும் இதே பதில் வருமா? கெட்டதுன்னு ஏற்கனவே தெரிஞ்ச மருந்துகளக் குடுத்தா புடிச்சுதா? இந்த மூணுக்கும் பதில் இல்லாம மனசாட்சி, கருணைன்னு எழுதி அனுப்புனா க்வெரி வரும், க்வெரி வந்தா ஆறு மாசம் போகும், ஆறு மாசம் போனா என் மேல கோவப்படுவாங்க. அதனால கம்பெனி என்ன பண்ணுதுன்னா சிப்பும் பண்ணுது எலியும் பண்ணுது, அனுப்பறப்ப எலிய மட்டும் அனுப்புது. ரிவ்யூவர் சிப் டேட்டாவயே பாக்கறதில்ல, பாக்காததால பழகறதில்ல. இந்த வட்டத்த எங்கயாவது ஒரு எடத்துல அறுக்கணும்.

அறுத்த கத ஒண்ணு சொல்றேன், எல்லைக்காரி வேலையோட சம்பந்தப்பட்டது. நீங்க சொன்ன எல்ஏஎல் ரீஏஜென்ட் கடல்ல இருக்கற குதிரைலாட நண்டோட நீல ரத்தத்துல இருந்து எடுக்கறது. முயல விடுவிச்சு நண்டப் புடிச்ச மாதிரி. சிங்கப்பூர் பல்கலைக்கழகத்துல அந்த ரத்தத்துல எண்டோடாக்சின முதல்ல புடிக்கற ஃபேக்டர் சி-ய ஜீன் வழியா செஞ்சு காட்டுனாங்க, 2003ல கிட்டாவே கடைக்கு வந்துருச்சு. நண்டே வேண்டாம். ஆனா யாரு வாங்குனா? வருசக்கணக்கா ஒருத்தரும் வாங்கல, ஃபார்மகோபியாங்கற மருந்துத் தரப் புத்தகத்துல இல்லையேன்னு. 2018ல ஒரு மைக்ரேன் ஊசிய இந்த நண்டில்லா டெஸ்டுல ரிலீஸ் பண்ணி எஃப்டிஏ அனுமதி வாங்கிட்டாங்க. ஒருத்தரு வாங்குன ஒடனே மத்தவங்களுக்கு அதுதான் சாட்சி. ஐரோப்பா ஃபார்மகோபியாவுல 2021ல அமலுக்கு வந்துச்சு, அமெரிக்காவோட புத்தகமான யுஎஸ்பியில 2025 மே மாசம் 86ம் அத்தியாயமா அமலாச்சு. கடைக்கு வந்ததுல இருந்து 22 வருசம்! டெஸ்டு கெட்டதுன்னு யாரும் சொல்லல, எழுத்துல வர்றதுக்கு மட்டும் 22 வருசம். முயல் டெஸ்ட ஐரோப்பா புத்தகத்துல இருந்தே எடுக்கறதுன்னு 2024ல முடிவு பண்ணுனாங்க, அதுக்கு மாத்தான மோனோசைட் டெஸ்டு 2010லயே அதே புத்தகத்துல இருந்தது.

சிப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா செய்தியில எஃப்டிஏ லிவர் சிப்ப அங்கீகரிச்சுருச்சுன்னு போட்டாங்க. அப்படி இல்ல. அத 2024 செப்டம்பர்ல ஐஸ்டாண்டுங்கற முன்னோட்டத் திட்டத்துக்குள்ள பரிசீலனைக்கு எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற ஆராய்ச்சி கனமானது, 2022ல வந்தது, 870 சிப்புல 27 மருந்தப் பாத்தாங்க. மிருக டெஸ்டெல்லாம் தாண்டி மனுசனுக்குக் குடுத்தப்பறம் லிவரக் கெடுத்த மருந்துகள்ல 87 சதவீதத்த சிப் புடிச்சுது, நல்ல மருந்து எதயும் கெட்டதுன்னு சொல்லல. எட்டுல ஏழு. சித்தூர் அண்ணா, உங்க கேள்விக்கு நேரான பதில் இதுதான், எலியும் நாயும் கோட்ட விட்டத இது புடிச்சிருக்கு.

நம்ம பக்கம் என்ன வேணும்னா, 2023 விதிக்கு மேல, எந்த டெஸ்டுக்குப் பதிலா எத எந்த அளவுக்கு ஏத்துக்குவோம்னு பக்கம் பக்கமா வழிகாட்டி வேணும், ஃபைல் போடறதுக்கு முன்னாடியே ரிவ்யூவரோட உக்காந்து பேச எடம் வேணும். லேப்ல நமக்குக் கொற இல்ல, 2011ல இருந்து ஜிஎல்பிங்கற லேப் தரச் சான்று வாங்குன நம்ம லேப் டேட்டாவ ஓஇசிடி நாடுகள் ஏத்துக்கணும்னு ஒப்பந்தம் இருக்கு. இங்க ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கற செல் உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தோட இன்குபேசன் சென்டர்ல மனுச மாடல்களுக்குன்னே ஒரு மையம் இருக்கு.

அப்பறம் எல்லைக்காரியோட அக்கா பொண்ணுக்கு ஒரு எச்சரிக்க. 437 கெமிக்கல்கள வகப்படுத்தறதுக்குன்னு செரிபாத்த முறை. கண்ணக் கடுமையாக் கெடுக்கறது எது, ஒண்ணுமே பண்ணாதது எது, இந்த ரெண்டு ஓரத்தத்தான் உறுதியாச் சொல்லும், நடுவுல இருக்கற லேசான எரிச்சலச் சொல்லாது. தினம் மூணு வேள ஒரு மாசம் விடற சொட்டு மருந்துக்கு இது ஒண்ணே போதும்னு எழுதுனா வைவாவுல மாட்டிக்குவா. முதல் வடிகட்டின்னு எழுதச் சொல்லுங்க, தோத்தா அங்கயே நிறுத்திக்கலாம், எந்த முயல் கண்ணுலயும் ஊத்தத் தேவையில்லன்னு. இந்த எல்லையத் தானா எழுதற ஆளத்தான் ரிவ்யூவர் நம்புவாரு.


சித்தூர்_அப்பா
இரவு 10:35

ஃபைல்மேசை தம்பி, எட்டுல ஏழுன்னா ஒண்ணு விட்டுப்போச்சே. அந்த ஒண்ணு என் வீட்டுக்கு வந்துருமோன்னுதான் தோணுது. ஆனா அந்த ஏழும் எலியில பாஸ் ஆகி வந்ததுன்னு படிச்சதும் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன்.

இன்னொண்ணு, சிரப் பத்தி. 2025ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப் குடிச்சு அத்தன குழந்தைங்க போச்சே, அது நம்ம தமிழ்நாட்டுல செஞ்ச சிரப்புன்னு வேற வந்துச்சு, அன்னைல இருந்து ஒவ்வொரு பாட்டிலயும் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்கறேன். அத எந்த டெஸ்டு புடிக்கும்?


ஃபைல்மேசை
இரவு 11:10

அண்ணா வெளிச்சத்துல தெரியாதுங்க, டைஎத்திலீன் கிளைகாலுக்கு நெறமும் இல்ல, இனிப்பா வேற இருக்கும். அத எலியும் புடிக்காது சிப்பும் புடிக்காது, ஏன்னா யாரும் ஒவ்வொரு பேட்ச் சிரப்பயும் எலிக்குக் குடுத்துப் பாக்கறதில்ல. கம்பெனிக்கு வர்ற கிளிசரின், ப்ரொபிலீன் கிளைகால் ட்ரம் ஒவ்வொண்ணுலயும் கேஸ் குரோமட்டோகிராஃபி போட்டாத் தெரிஞ்சுரும், அது வெறும் கெமிஸ்ட்ரி டெஸ்டு. 1937ல அமெரிக்காவுல இதே வெசத்துல சல்ஃபா மருந்தக் கலக்கி வித்து நூறு பேருக்கு மேல செத்தாங்க, நெறையக் குழந்தைங்க. அந்தச் சாவுல இருந்துதான் 1938 சட்டமும் அதோட மிருக டெஸ்டு கட்டாயமும் வந்துச்சு. சட்டத்துக்குக் காரணமான அதே வெசம் 88 வருசம் கழிச்சு நம்ம குழந்தைங்களக் கொன்னுச்சு. டெஸ்டு எதுங்கறத விட எந்தக் கேள்விக்கு எந்த டெஸ்டுன்னு பாக்கறதுதான் பாதுகாப்புன்னு நான் நெஞ்சார நம்பறேன். உங்க பையன் சிரப்போட பேட்ச் நம்பர எழுதி வெச்சுக்கங்க, எப்பவுமே.


மருந்தியல் வாத்தியார்
மறுநாள் காலை 6:30

எல்லைக்காரி, பொண்ணு கைடுகிட்ட நான் பேசறேன், எனக்குப் பழக்கம்தான். ஃபைல்மேசை சொன்ன மாதிரி எல்லையோட எழுதுனா முயல் இல்லாமலேயே போகலாம், வெளிய இருந்து வர்றவரு கேட்டா படிவம் பியில மாத்து வழி இருக்கறப்ப மிருகம் எதுக்குன்னு குழு கேட்டுச்சுன்னு நாங்களே எழுத்துல குடுத்துடறோம். கார்னியா மங்குனத அளக்கற ஒப்பாசிட்டிமீட்டர் எங்க லேப்ல ஒண்ணு சும்மா கெடக்கு, கார்னியா ஹோல்டரும் ஆறு இருக்கு. கண்ணு எங்க கெடைக்கும்ங்கறதுதான் பிரச்சன, அறுத்த அன்னைக்கே பயன்படுத்தணும், எங்க ஊர்ப் பக்கம் கேட்டா என்ன ஏதுன்னு பாக்கறாங்க.


பனந்தோப்பு
காலை 7:05

மாட்டுக் கண்ணுதானுங்களே? எத்தன வேணும்? எந்த வயசு மாடு?


எல்லைக்காரி
காலை 7:20

மாமா! மருந்துக்கு மூணு, உப்புத்தண்ணிக்கு மூணு, எரிக்கும்னு தெரிஞ்ச ஒண்ணுக்கு மூணு, ஆக ஒன்பது கார்னியா வேணும். கீறல் விழுந்தது, மங்குனதத் தூக்கிப் போடணும், அதனால 20 கண்ணு இருந்தா தைரியமா இருக்கும். மாடு ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள இருக்கணும், கெழட்டு மாட்டுக்குக் கார்னியா பெருசாப் போயி ஹோல்டர்ல ஒக்காராது. அறுத்த ஒடனே எடுக்கணும், கத்தி முன்பக்கம் படவே கூடாது, கண்ண வெறுங்கையில அழுத்தாம ஒரு உப்புக் கரைசல்ல முழுசா முங்க வெச்சு ஐசுல கொண்டு வரணும். அங்க போனதும் மருந்து 10 நிமிசம், கழுவிட்டு 32 டிகிரில ரெண்டு மணி நேரம், எவ்வளவு மங்குச்சுன்னு வெளிச்சம் விட்டு அளந்துட்டு அப்பறம் பச்சைச் சாயம் எவ்வளவு ஊடுருவுதுன்னு பாப்பாங்க. ரெண்டயும் சேத்து ஒரு நம்பர், 3க்குள்ள இருந்தா ஒண்ணும் பண்ணாது, 55 தாண்டுனா கண்ணக் கெடுக்கும். எப்படியும் சாப்பாட்டுக்கு அறுக்கற மாடுதான், இதுக்குன்னு ஒரு உயிரும் போகப் போறதில்ல.


பனந்தோப்பு
காலை 7:41

எங்க பங்காளி லைசன்ஸ் வெச்சு அறுப்புக் கட நடத்தறாருங்க, பொள்ளாச்சி சந்தையில இருந்து மாடு வரும், பல்லப் பாத்தா வயசு நானே சொல்லிடுவேன். கண்ணு எப்பவும் வீசறதுதான். சனிக்கெழம விடியக்காலம் நாலு மணிக்கு அறுப்பு, பத்து மாடு இருக்கும், வாத்தியார் லேப் சனிக்கெழம தொறப்பாருங்களா? தொறந்தா அந்தக் கரைசலயும் ஐஸ் பெட்டியயும் வெள்ளிக்கெழம சாயந்தரமே குடுத்துட்டுப் போங்க அம்மிணி, எடுக்கறப்ப நானே பக்கத்துல நிக்கறேன், கத்தி படாம பாத்துக்கறேன். அஞ்சரைக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கட வாசல்ல இருங்க, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, பைக்குல கொண்டாந்து கையில குடுத்துடறேன்.


மருந்தியல் வாத்தியார்
காலை 7:58

தொறந்து வெக்கறேன். ஆறேமுக்காலுக்கு வந்துருங்க.